ஒலியானந்தரின் ஆறாவது ஸ்பீக்கர்

காது கேட்காதவர்களுக்குக் காது கேட்கிறதாம்! இந்தச் செய்தி ஊருக்குள் பரவிய வேகத்தைப் பார்த்தால், காது கேட்காதவர்கள்தான் அதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில், 'ஒலி அரங்கம்' என்று பலகை மாட்டிய இடத்தில்தான் இந்த அற்புதம் நடந்தது. விடிந்ததும் படிக்கட்டில் வரிசை தொடங்கிவிடும். படிக்கட்டு நிரம்பி, டயர் கடை வாசலைத் தாண்டி, எதிர்ச் சாரியில் இருக்கும் சலவைக் கடை வரை நீளும். டயர் வாங்க வந்த சிலர்கூட, மேலே என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்காமலே கடைசியில் போய் நின்றுகொண்டார்கள். வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் நின்றுவிட வேண்டும், விசாரணையெல்லாம் பிறகு.

அற்புதத்தைச் செய்பவர் ஒலியானந்தர். வெள்ளை உடை. கழுத்தில் செம்புக் கம்பியை முறுக்கிச் செய்த மாலை. பேசும்போது கடைசி வார்த்தை அறை முழுக்க எதிரொலிக்கும். எதிரொலிக்கு ஒரு பொத்தான் இருந்தது. அதைச் சீடர் அழுத்துவார். சீடர் என்றதும் துள்ளும் இளைஞரை நினைத்துவிட வேண்டாம். தொந்தியும் வழுக்கையுமாக ஒரு நடுத்தர வயது ஆசாமி. குருவின் சக்தியெல்லாம் அவர் கையிலிருந்த ரிமோட்டில் இருந்தது.

ஞானம் வருவதற்கு முன் குரு கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மைக் கீச்சிட்டால் கூட்டம் அவரைத் திட்டும்.

அரங்கத்தின் நடுவில் ஒரு மேடை, அதன்மேல் சிவப்புக் கம்பளம், அதன்மேல் பெரிய தோல் நாற்காலி. சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கறுப்புத் துணி போர்த்திய ஸ்பீக்கர்கள். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு.

"இந்த அஞ்சும் ஐம்புலன்! ஆறாவதா ஒண்ணு இருக்கு. அது கண்ணுக்குத் தெரியாது. அதுதான் ஆறாவது அறிவு!" என்பார் குரு.

'அறிவு... அறிவு... அறிவு...' என்று சீடர் பொத்தானை அழுத்துவார். அந்த அரங்கத்தில் அறிவு எதிரொலித்தது அப்போது மட்டும்தான்.

காது கேட்காதவரை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, இசையை ஓட விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலரும். "கேக்குது! கேக்குது!" என்று கத்துவார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். பிறகு அவர் தன் காதுக் கருவியைப் பட்டுத்துணி விரித்த ஒரு கூடையில் போட வேண்டும். "ஊன்றுகோலை இங்கயே விட்டுட்டுப் போங்க" என்பார் குரு. கட்டணம் கிடையாது, காணிக்கைதான். காணிக்கை தராதவருக்கு நாற்காலி கிடையாது, அவ்வளவுதான்.

என்ன கேட்டது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டதே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் பதவியின் பெயர் நோயாளிகள் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அவள் 'காதம்மா'. கெட்டிக் கதவு போட்ட சின்ன அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிய நோயாளி உட்கார்ந்திருப்பார், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். காதம்மா சத்தமே அனுப்பாத நேரத்திலும் சிலர் அழுத்துவார்கள். அவர்கள் பொய்க்காரர்கள் அல்லர். கேட்க வேண்டும் என்ற ஆசை விரலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அவள் நடுநடுவே எதுவும் அனுப்பாமல் சும்மா இருந்து பார்ப்பாள். சும்மா இருந்து பார்க்கத் தெரிந்தவள். அதனாலேயே அவளை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம்.

அவள் கணவன் அப்படி இல்லை. டைல்ஸ் கடை மேனேஜர். கடையில் ஒரு சதுரக் கல்லில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். மனிதர்கள் விஷயத்தில் முழு ஓட்டை இருந்தாலும் தெரியாது. அவன் ஒருநாள் ஹோம் தியேட்டர் வாங்கி வந்தான். பெட்டிகளைப் பிரித்ததில் தெர்மாகோல் உருண்டைகள் வீடெல்லாம் பறந்து, சாப்பாட்டுத் தட்டு வரை வந்தன. ஐந்து ஸ்பீக்கர், தடதடவென்று அடிச்சத்தம் மட்டும் கொடுக்கும் ஊஃபர் பெட்டி ஒன்று, நூடுல்ஸைக் கொட்டியதுபோல வயர்கள். கையேட்டை மடியில் விரித்து, வயர்களுக்கு நடுவே சிலந்தி மாதிரி உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஓட விட்டபோது கதாநாயகி டி.வி.யில் வாயசைத்தாள், குரல் பின்னால் சமையலறைக் கதவோரமிருந்து வந்தது.

"யாரு கூப்பிட்டது?" என்று காதம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"நீ போ. சின்ன வயர் குழப்பம்."

"வயர்ல குழப்பமா, வயரைப் பிடிச்ச கையிலயா?"

கணவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே ஒலி அரங்கத்துக்குப் போய்க் குருவையே அழைத்து வந்தான்.

குரு ஹாலின் நடுவில் நின்று கண்ணை மூடினார். சுவரைத் தட்டினார். சோபாவைச் செருப்பு அலமாரிக்கு முன்னால் நகர்த்தச் சொன்னார். பின் ஸ்பீக்கர்களைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். ஊஃபர் வயரில் ஒரு செம்பு வளையத்தை மாட்டி, "இந்த வயர் வாசலைப் பார்த்து ஓடினா குடும்பத்துல சண்டை வரும்" என்றார்.

சண்டை வந்தது. குரு படியிறங்கியதும் வந்தது. செருப்பை எடுக்க இனி சோபா மேல் ஏறிக் குதிக்க வேண்டுமா என்பதுதான் விஷயம்.

அதுவரை காதம்மாவுக்கு இது வெறும் சிரிப்பு. ஆனால் குரு போகிற போக்கில் அவள் மாமனாரைப் பார்த்துவிட்டார்.

மாமனார் வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவர். காதில் பாதியை அந்த இரைச்சல் தின்றுவிட்டது. மீதியில் பெரும்பங்கை ஒரு விஷக் காய்ச்சல் கொண்டுபோனது. மருமகளே அளவெடுத்து, நீல நிறத்தில் அச்சு வார்த்து, ஒரு கருவி பொருத்திக் கொடுத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டால் பேச்சு புரியும். ஆனால் மாலையில் பூங்காவில் கூடும் அவருடைய கூட்டாளிகள் அவரை 'ரேடியோ' என்று கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொண்டார்.

அப்பாவும் மகனும் சேர்ந்து ஒலி அரங்கத்துக்குப் போய் வந்த அன்று, மாமனார் மாப்பிள்ளை மாதிரி படியேறி வந்தார்.

"கேக்குதும்மா! மெஷினே வேண்டாம்! கூடையில போட்டுட்டு வந்துட்டேன்!"

"கூடையில போட்டீங்களா? மாமா, என்ன காரியம் பண்ணீங்க?"

"ஆமாம்மா, சாப்பிட்டேன். பசியில்ல."

காதம்மா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரில் இல்லாத பல்லியைத் தேடினான்.

"முழுசா கேக்கறதுக்குக் கொஞ்ச நாள் ஆகுமாம்" என்று முனகினான். "நம்பிக்கைன்னு ஒண்ணு வேணும்ல?"

மறுநாள் காலை மாமனார் தெருவைக் கடக்கும்போது ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்தது. 'பீப் பீப்' என்று அது அலறியது தெருக்கோடி வரை எல்லோருக்கும் கேட்டது, அவர் ஒருவரைத் தவிர. மருந்துக் கடைக்காரர் கல்லாவைத் தாண்டிப் பாய்ந்து அவரைச் சட்டையோடு இழுத்துப் போட்டார். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று.

"ஹாரன் அடிக்காம வர்றான்மா! ஒழுங்கா ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் லைசென்ஸ்!" என்று வீட்டுக்கு வந்து பொரிந்தார்.

காதம்மா காயத்தைக் கழுவினாள். கணவனுக்கு அப்போதுதான் முகம் வெளுத்தது. அம்மா இல்லாத வீட்டில் அப்பாவும் இல்லாமல் போயிருக்கும் ஒரு காலை அவன் கண்முன் வந்து போயிருக்க வேண்டும்.

மருந்து போட்டு முடித்ததும் காதம்மா மாமனார் எதிரில் உட்கார்ந்து, உதட்டசைவு தெரியும்படி மெதுவாகக் கேட்டாள்.

"மாமா. அங்க. என்ன. கேட்டுச்சு?"

கிழவர் சற்று யோசித்தார். முகம் கனிந்தது.

"நம்ம பழைய மெஷின்மா. அச்சு மெஷின். அது ஓடும்போது உடம்பெல்லாம் கிண்ணு கிண்ணுன்னு இருக்கும். எத்தனை வருஷம் ஆச்சு! உள்ள நிறைஞ்சு போச்சும்மா."

"காதுலயா கேட்டுச்சு?"

"காதுல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு பிடரியைத் தடவினார். "முதுகுல."

காதம்மா எழுந்து போய் ஊஃபர் பெட்டியை இழுத்து வந்தாள். செம்பு வளையத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். மாமனாரை அந்தப் பெட்டி மேலேயே உட்கார வைத்து, ஏதோ ஒரு சண்டைப் படத்தை ஓடவிட்டாள். பெட்டி திமுதிமுவென்று அதிர்ந்தது.

"இதேதான்! இதேதான்மா!" என்று அவர் துள்ளினார். "குரு இங்கயும் சக்தி வெச்சுட்டுப் போயிருக்காரு!"

"பாத்தீங்களா?" என்றாள் காதம்மா, கணவனிடம்.

"பாத்தேன்." அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா அங்க வேற மாதிரி. பின்னாடியிருந்து ஒரு நாதம் வரும். எனக்கே கேட்டுச்சு. அது எப்படி?"

"வாங்க, அதையும் போய்க் கேப்போம்."

விடுமுறை நாள். அரங்கத்தில் எள் விழ இடமில்லை. இவர்கள் உள்ளே நுழைந்தபோது குரு கையை உயர்த்தினார். கூட்டம் மூச்சை அடக்கியது. பின்னால், வலது மூலை ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய இழையாய் ஒரு சத்தம் வந்தது. 'கீ....ங்...'

"நாதம்! பின் நாதம்!" என்று பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காது கேட்கும் உறவினர்கள், கேட்காதவர்களுக்குச் சைகையால் அந்த நாதத்தை விளக்கினார்கள். ஒருவர் அழுதேவிட்டார்.

காதம்மாவுக்கு அந்தச் சத்தம் தெரிந்ததாக இருந்தது. ஒரு நாளில் பல தடவை கேட்கும் சத்தம். அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"குருவே, என் மாமனாருக்கு இன்னொரு தரம் அருள் பண்ணணும்" என்று முன்னே போனாள். "இவருக்குக் கேக்குதுன்னு ஊரே பாக்கட்டும். சத்தம் வந்தா கையைத் தூக்குவாரு, நின்னா இறக்குவாரு. சரியா?"

குருவுக்கு மகிழ்ச்சி. தானே வந்து விழுகிற விளம்பரத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

காதம்மா சைகையில் விளக்க, மாமனார் கண்ணை மூடி நாற்காலியில் அமர்ந்தார். சீடர் ரிமோட்டை அழுத்தினார். இசை வந்தது, கை உயர்ந்தது. நிறுத்தினார், கை இறங்கியது. மறுபடி வந்தது, மறுபடி உயர்ந்தது. அரங்கம் அதிர்ந்தது. "பாத்துக்குங்க!" என்றார் குரு. 'குங்க... குங்க...' என்றது எதிரொலி.

"ரொம்பச் சரி" என்றாள் காதம்மா. "இப்ப புல்லாங்குழல் மட்டும் போடுங்க. நல்லா சத்தமா. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை." கணவனைப் பார்த்தாள். "நீங்கதான் இப்ப வயர்ல தேறிட்டீங்களே. கம்பளத்துக்கு அடியில போற வயர் எங்கேருந்து வருதுன்னு பாருங்க."

அவன் குனிந்தான். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினான். மேடைக்குள் ஓடும் தடித்த வயர் ஒன்று. வீட்டில் அத்தனை நாள் அதே மாதிரி வயரோடு மல்லுக்கட்டியவனுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இது ஊஃபர் வயர்" என்றான் வியப்பாக. "நாற்காலிக்கு அடியில ஊஃபரை வெச்சிருக்காங்க!"

"அதைத் தொடாதே! அது ஆறாவது அறிவு!" என்று குரு கத்தினார்.

அறிவை ஒரே இழுப்பில் பிடுங்கினான்.

"போடுங்க" என்றாள் காதம்மா. சீடர் குருவைப் பார்த்தார். குரு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சீடரைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அவர் அழுத்தினார். முன் ஸ்பீக்கர்களிலிருந்து புல்லாங்குழல் ஊசி மாதிரி கிளம்பியது. முதல் வரிசை காதைப் பொத்திக்கொண்டது. ஒருவர் எழுந்து பின்னால் ஓடினார். குழல் கூவியது, வீறிட்டது, கெஞ்சியது.

மாமனார் கண்ணை மூடி, கைகளை மடியில் வைத்து, அமைதியாக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டார்:

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

புல்லாங்குழலை யாரோ நிறுத்தினார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. தங்கள் வீட்டுக் கிழவர்களையும் பிள்ளைகளையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் அவர்கள்.

மாமனார் சுற்றிலும் எல்லா முகங்களையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார். காதம்மா அவர் தோளில் கை வைத்தாள்.

குரு விடவில்லை. "இந்தம்மாவோட அவநம்பிக்கை சக்தியை விரட்டிடுச்சு! சரி, நாற்காலி போகட்டும். அந்தப் பின் நாதம்? அது உங்க எல்லாருக்கும் கேக்குதா இல்லையா? அதுக்கு இந்தம்மா என்ன சொல்றாங்க?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்.

"ஆமா, நாதம் கேக்குதே!" என்றது கூட்டம். மூழ்குகிறவனுக்குக் கிடைத்த கட்டையை விடவா முடியும்?

"கேக்குது" என்றாள் காதம்மா. "எனக்கும் நல்லாவே கேக்குது. என்னங்க, அந்த மூலை ஸ்பீக்கர் வயரையும் எடுத்துடுங்க. அப்பவும் நாதம் வருதான்னு பாப்போம்."

கணவன் வலது மூலைக்குப் போய் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்தான். வெகுநேரம் தடவினான். தலையை நீட்டினான்.

"இதுல வயரே இல்ல!"

"சரியா பாருங்க."

"வயரைச் சொருக ஓட்டையே இல்லம்மா!" சொல்லிக்கொண்டே கறுப்புத் துணியைப் பற்றி இழுத்தான். உள்ளே ஸ்பீக்கர் இல்லை. ஆணி அடித்த வெறும் பலகைப் பெட்டி. அதற்குள் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவிலிருந்து 'கீ....ங்...'

காதம்மா மூடியைத் திறந்தாள். டப்பா நிறையக் காதுக் கருவிகள். கூடையில் போட்டவை அத்தனையும் அங்கே இருந்தன, விற்பதற்குத் தயாராகத் துடைத்து, வரிசையாக அடுக்கி. அவற்றில் ஒன்றை அணைக்க மறந்துவிட்டார்கள். கருவியை அணைக்காமல் ஒரு மூடிய டப்பாவில் போட்டால், அதன் சத்தம் அதன் மைக்கிலேயே திரும்பிப் புகுந்து கீச்சிடும். உள்ளங்கையில் பொத்தினாலே கீச்சிடும். அவள் அந்த அணைக்காத கருவியை எடுத்துப் பொத்திக் காட்டினாள். 'கீ....ங்...' விரித்தாள். நின்றது. மறுபடி பொத்தினாள்.

"நாதம்" என்றாள்.

மைக் செட் காலத்தில் திட்டு வாங்கித் தந்த அதே கீச்சு. இடையில் மாறியது கூட்டத்தின் காதுதான். இந்த நாதம் எங்கிருந்து வந்தது என்று குருவுக்கே முதலில் தெரிந்திருக்காது. பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டதும், சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெயர் வைத்துவிட்டார். பாவம், அவருக்குக் கிடைத்த ஒரே நிஜமான அற்புதம் அது.

அரங்கம் கொதித்தது. "என் பையனோடது எங்க?" "எங்கப்பாவோடது சிவப்பு!" என்று டப்பாவை மொய்த்தார்கள். குரு படிக்கட்டுப் பக்கம் நழுவினார். அங்கே டயர் கடைக்காரர் கதவை அடைத்து நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவியின் கருவியும் அந்த டப்பாவில்தான் இருந்தது.

சட்டையைப் பிடித்ததும் குருவுக்கு எதிரொலி இல்லாத குரல் வந்தது. "நான் என்னைக்காவது கேக்குதுன்னு சொன்னேனா? 'கேக்குதா?'ன்னுதான் கேட்டேன்! கேக்குதுன்னு கத்தினது நீங்க. கைதட்டினது நீங்க. நாதம்னு அழுதது நீங்க!"

பிடித்த கைகள் ஒரு நொடி தளர்ந்தன. அவர் அந்த அரங்கத்தில் பேசிய ஒரே உண்மை அதுதான். ஆனாலும் டயர் கடைக்காரர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார்.

காதம்மா மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கருவியாக எடுத்து, உரியவர் காதில் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். நீல அச்சு போட்டதை மாமனார் காதில் அவளே மாட்டினாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். இரைச்சல், அழுகை, வசவு, கீழே தெருவில் வண்டிகள், எல்லாம் ஒன்றாக உள்ளே கொட்டின. முகத்தைச் சுளித்தார்.

"எவ்வளவு சத்தம்மா இந்த ஊர்ல!"

"வேண்டாம்னா கழட்டிடவா?"

"தொட்டுப் பாரு!" என்று காதைப் பொத்திக்கொண்டார். அதுவும் கீச்சிட்டது. இந்தத் தடவை அவரே சிரித்தார். "ரேடியோன்னே கூப்பிடட்டும்மா. ரேடியோவுக்குத்தான் லாரி வர்றது தெரியும்."

கணவன் பக்கத்தில் வந்து நின்றான். "வீட்டுக்குப் போனதும் சோபாவைப் பழைய இடத்துக்கே நகர்த்திடறேன்" என்றான். மன்னிப்பு என்ற சொல்லை அவனுக்கு அவ்வளவு தூரம்தான் நகர்த்த முடிந்தது.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. அப்போது பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து, காதம்மாவின் முன்னால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். கண்ணில் நீர் தளும்பியது.

"தாயே! உங்க கை தெய்வக் கைம்மா! தொட்டதும் உண்மை வெளிய வந்துடுச்சே! எங்க வீட்டுலயும் ஒரு ஹோம் தியேட்டர் இருக்கு. நீங்க வந்து ஒரு தடவை தொட்டுக் குடுத்தா போதும், வீட்டுக்காரருக்குத் தலைவலி நின்னுடும்!"

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஒரு வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.

காதம்மா எழுந்து அந்த அம்மாளின் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

"அம்மா, தலைவலிக்கு டாக்டரைப் பாருங்க. அப்புறம் ஒண்ணு. கும்பிடறதுக்கு ரெண்டு கையையும் தூக்கிட்டா, தலையைச் சொறிஞ்சு யோசிக்க எந்தக் கைம்மா மிச்சம் இருக்கும்?"